பெருங்குளம் மாதவையா

குற்றாலச் சாரல் தவழும் மேற்குமலைத் தொடரின் அடியிலே, குமரன் கோயில் கொண்ட திருமலைக் குன்றின் பக்கத்திலே, பண்பொழி என்னும் பழம்பதி அமைந்துள்ளது. இவ்வூரை அடுத்து ஓடும் அனுமன் நதி சிற்றாற்றிற் கலக்கின்றது. சிற்றாறு சீவலப்பேரியிற் பொருநையோடு கூடுகின்றது. பொருநையோ கீழ்த்திசை நோக்கி நடந்து, திருவைகுண்டம் கடந்து, பழைய கொற்கைக்கு அணித்தாகக் கடலை அடைகின்றது. அப்பேராறு வளஞ்செய்யும் கீழைப்பகுதியிலே பெருங்குளம் என்றோர் ஊர் உண்டு. நவதிருப்பதிகளுள் ஒன்றாகத் திருக்குளந்தை என்று வைணவர் போற்றும் தலம் அது. இந்நாளிற் பண்பொழி தென்காசி மாவட்டத்தையும், பெருங்குளம் தூத்துக்குடி மாவட்டத்தையும் சேர்ந்தவை. முன்னாளில் இரண்டும் திருநெல்வேலிச் சீமைக்குள் அடங்கியிருந்தன. மலையடி ஊர்க்கும் கீழைப்பகுதி ஊர்க்கும் ஆற்றுநீரால் இத்தகைய உறவு உண்டு. அப்பெருங்குளத்திற் பிறந்து, தமிழ் நாவலுக்கு வழிவகுத்த முன்னோருள் ஒருவராய் விளங்கியவர் அ. மாதவையா ஆவார். அவர்தம் வாழ்க்கையையும், அவர் எழுதிய நூல்கள் மக்களை வந்தடைந்த வரலாற்றையும் இப்பாடத்திற் காண்போம்.

அரங்கேற்றமும் அச்சேற்றமும்

பண்டைக் காலத்தில் ஒரு புலவர் நூல் இயற்றினால், அதனைக் கற்றோர் அவையில் அரங்கேற்றுவர். அவையோர் தடை எழுப்புவர். புலவர் விடை கூறுவர். அவை ஏற்றுக்கொண்ட பின்னரே நூல் ஏடுகளில் படியெழுதப்பெற்றுப் பரவும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறிற்று. அச்சுப்பொறி நாடெங்கும் பெருகியது. அரங்கேறிய நூல்கள் அச்சேறலாயின. ஓர் அவையில் இருந்த சிலரது தீர்ப்பு, முகமறியாத பல்லாயிரவர் தீர்ப்பாக மாறிற்று. ஆயினும் எழுதியவர் விரும்பியவாறே எந்நூலும் எளிதில் அச்சேறியதன்று. அச்சுக்கூலி கொடுப்பார் வேண்டும். விலை கொடுத்து வாங்குவார் வேண்டும். பத்திரிகையில் இடம்தருவார் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் நூல் பாதிவழியில் நின்றுவிடும். மாதவையாவின் முதற் கதைக்கு நேர்ந்ததும் அதுவே.

பிறப்பும் கல்வியும்

மாதவையா 1872ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் பிறந்தார். பாளையங்கோட்டையிற் பள்ளிக் கல்வியை முடித்துக்கொண்டு, சென்னைக்குச் சென்று கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரி இன்று தாம்பரத்தில் இருக்கின்றது. மாதவையா பயின்ற நாளில் அது சென்னைப் பட்டணத்தின் நடுவே இருந்தது. 1937ஆம் ஆண்டிலேதான் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. வில்லியம் மில்லர் என்னும் பெருந்தகை அந்நாளில் அதன் முதல்வராக விளங்கினார். அவரிடம் ஆங்கில இலக்கியம் கற்ற மாதவையா, அம்மொழியிற் கவிதை புனையும் ஆற்றலும் பெற்றார். கல்லூரியின் ஆங்கில இதழில் அவர் பாடல்கள் வெளிவந்தன. பின்னர் அவர் பி.ஏ. பட்டமும் பெற்றார்.

அதே கல்லூரியிற் பயின்ற மற்றோர் இளைஞர் பி. ஆர். ராஜமையர். இவர் வத்தலக்குண்டு என்னும் ஊரினர். மாதவையா பிறந்த 1872ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். தமிழ் நாவலின் தொடக்க வரலாற்றில் நிலைபெற்ற இருவர் ஒரே ஆண்டிற் பிறந்து, ஒரே கல்லூரியில் நண்பராய்ப் பழகினர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இடையில் நின்ற கதை

தமிழில் முதல் நாவல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை இயற்றிய 'பிரதாப முதலியார் சரித்திரம்'. அது 1879ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1892ஆம் ஆண்டில், சி. வி. சுவாமிநாத ஐயர் 'விவேக சிந்தாமணி' என்னும் மாத இதழைத் தொடங்கினார். அவ்விதழில் 'சாவித்திரி சரித்திரம்' என்னும் தொடர்கதை வரலாயிற்று. அதனை எழுதியவர் மாதவையா. அப்போது அவருக்கு அகவை இருபது.

மாணவர்களே, அக்காலத்தின் நிலையை நீங்கள் அறிதல் வேண்டும். பாவை வைத்து விளையாடும் பருவத்திலேயே பெண்களுக்கு மணம் முடித்துவிடுவர். கணவன் இறந்துபட்டால், வாழ்க்கை இன்னதென்றே அறியாத அச்சிறுமி கைம்பெண்ணாகி, மூலையில் ஒடுங்கி வாழ்நாளைக் கழிக்க வேண்டும். கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்திருந்தது. ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தது; வழக்கம் வீட்டில் இருந்தது. இக்கொடுமையையே இளைஞராகிய மாதவையா தம் கதைக்குப் பொருளாகக் கொண்டார். ஒரு பெண் தன் துயரத்தைத் தானே கூறுவதாக அக்கதையை அமைத்தார். பலர் பேசவும் கூசிய பொருளை மாத இதழில் அச்சிட்டுப் படிப்பது அக்காலத்திற் சிறிய செயலன்று.

கதை சில பகுதிகளே வெளிவந்தது. பின்னர் அது நின்றுவிட்டது.

அடுத்து அவ்விதழில் ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893ஆம் ஆண்டு தொடங்கித் தொடர்ந்து வெளிவந்து நிறைவெய்தியது. 1896ஆம் ஆண்டில் நூலாகவும் மலர்ந்தது. நண்பரின் கதை முழுமையுற்றது. தம் கதை அரைகுறையாய் நின்றது. இத்தகைய நிலையில் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவோர் பலர். மாதவையா வைக்கவில்லை.

ஆங்கில நாட்டில் ஓர் ஒப்புமை

இவ்விடத்தில் ஆங்கில நாட்டு நாவலாசிரியர் ஒருவரின் வரலாற்றை ஒப்புநோக்குவது பயன்தரும். ஜேன் ஆஸ்டின் என்னும் அம்மையார் 1775ஆம் ஆண்டிற் பிறந்தவர். அவர் தாம் எழுதிய ஒரு நாவலை 1803ஆம் ஆண்டில் இலண்டன் பதிப்பாளர் ஒருவர்க்குப் பத்துப் பவுனுக்கு விற்றார். வாங்கியவர் அதனை அச்சிடாமலே வைத்திருந்தார். ஆண்டுகள் உருண்டன. 1811ஆம் ஆண்டில் அம்மையாரின் வேறொரு நாவல், ஆசிரியர் பெயரின்றி, 'ஒரு பெண்மணி எழுதியது' என்னும் குறிப்போடு வெளிவந்தது. பின்னும் சில நாவல்கள் வெளிவந்து புகழ் பெற்றன. 1816ஆம் ஆண்டில், விற்ற அதே பத்துப் பவுனைக் கொடுத்து, முடங்கிக் கிடந்த அக்கைப்படியை அவர்தம் குடும்பத்தார் மீட்டனர். அது 'நார்த்தாங்கர் ஆபி' என்னும் பெயருடன் 1817ஆம் ஆண்டின் இறுதியில் அச்சேறியது. ஆனால் அம்மையாரோ அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே இவ்வுலகை நீத்துவிட்டார். தம் நூலை அச்சிற் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

எந்த நாடாயினும் எந்த மொழியாயினும், எழுதுவோர் பொறுமைக்கு இத்தகைய சோதனைகள் உண்டு என்பது இதனால் விளங்கும்.

பணியும் எழுத்தும்

மாதவையா உப்பு இலாகாத் தேர்வில் வெற்றி பெற்று அரசாங்கப் பணியில் அமர்ந்தார். உப்பளங்கள் கடற்கரையில் உள்ளவை. ஆகவே கடலோர ஊர்கள் பலவற்றில் அவர் உறைய நேர்ந்தது. பகலெல்லாம் அலுவல், ஊர்விட்டு ஊர் மாற்றம், நூலகமோ புலவர் கூட்டமோ இல்லாத இடங்கள். இவற்றினிடையே கிடைத்த ஓய்வுப் பொழுதுகளில் அவர் எழுதினார்.

அவ்வாறு எழுந்த பெருநூல் 'பத்மாவதி சரித்திரம்'. அதன் முதற்பாகம் 1898ஆம் ஆண்டிலும், இரண்டாம் பாகம் 1899ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. நெல்லை நாட்டுச் சிற்றூரில் வறுமையில் வளரும் நாராயணன் என்னும் இளைஞனும், கல்வி நலம் வாய்ந்த பத்மாவதியும் அதன் தலைமக்கள். ஊரிற் பிறந்து, பட்டணத்துக் கல்வி பெற்று, பழமைக்கும் புதுமைக்கும் இடையே நின்று தடுமாறும் இளைஞர் வாழ்க்கை அந்நாவலிற் கண்ணாடியிற் போலக் காட்டப்பெறுகின்றது. கற்ற கணவனும் மனைவிமேல் வீணே ஐயங்கொள்வான் எனின், அவன் கற்ற கல்வியால் ஆய பயன் என்னை என்று அந்நூல் நம்மை வினவுகின்றது. அரசர் கதையும் தேவர் கதையுமே கேட்டுப் பழகிய மக்கள், தம் அண்டைவீட்டாரையே கதைமாந்தராகக் கண்டு வியந்தனர்.

இனி, இடையில் நின்ற சாவித்திரியின் கதைக்கு வருவோம். மாதவையா அதனை மறந்தாரல்லர். பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1903ஆம் ஆண்டில், அதனைத் திருத்தி நிறைவுசெய்து, 'முத்துமீனாட்சி' என்னும் பெயரால் நூலாக வெளியிட்டார். இளமையிலேயே கைம்மை எய்திய ஒருத்தி, மறுமணத்தாற் புதுவாழ்வு பெறுவதை அந்நூல் கூறுகின்றது. எதிர்ப்பைக் கண்டு அவர் கருத்தை மாற்றவில்லை. மொழியைச் செம்மை செய்தார். கதையை நிறைவு செய்தார். இருபது அகவையிற் கொண்ட கொள்கையை முப்பத்தொன்றாம் அகவையிலும் அவர் கைவிடவில்லை என்பதற்கு அந்நூலே சான்று.

ஆங்கில நாவல்கள்

அதே 1903ஆம் ஆண்டில் மாதவையாவின் முதல் ஆங்கில நாவலாகிய 'தில்லை கோவிந்தன்' சென்னையில் வெளிவந்தது. 'பம்பா' என்னும் புனைபெயரிலே அதனை அவர் வெளியிட்டார். சிற்றூரிற் பிறந்த தமிழிளைஞன் ஒருவன் ஆங்கிலக் கல்வி பெற்று, தான் பிறந்த குலத்தின் வழக்கங்களை ஆராய்ந்து பார்க்கும் வரலாறு அது; அவனே தன் வாழ்க்கையைக் கூறும் முறையில் அமைந்தது. 1916ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்து பிஷர் அன்வின் என்னும் பதிப்பகத்தார் அதனை வெளியிட்டனர். பொருநைக் கரையிற் பிறந்த ஒருவர் எழுதிய கதையைத் தேம்ஸ் நதிக்கரையில் இருந்தோர் விலைகொடுத்து வாங்கிப் படித்தனர்.

1909ஆம் ஆண்டில் 'சத்தியானந்தன்' என்னும் ஆங்கில நாவலும், 1915ஆம் ஆண்டில் 'கிளாரிந்தா' என்னும் ஆங்கில வரலாற்று நாவலும் வெளிவந்தன. பின்னது நம் நெல்லை நாட்டோடு தொடர்புடையது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த மராட்டியப் பிராமணக் கைம்பெண் ஒருவர், பாளையங்கோட்டைக்கு வந்து, 1778ஆம் ஆண்டிற் சுவார்ட்சு பாதிரியாரிடம் திருமுழுக்குப் பெற்றுக் கிளாரிந்தா எனப் பெயர் கொண்டார். 1785ஆம் ஆண்டில் அங்கு ஓர் ஆலயமும் எழுப்பினார். பாப்பாத்தியம்மாள் கோயில் என்று மக்கள் வழங்கிவரும் அவ்வாலயம் இன்றும் பாளையங்கோட்டையில் உள்ளது. தாம் பள்ளியிற் பயின்ற ஊரின் வரலாற்றையே மாதவையா நாவலாக்கினார். இங்கும் அவர் உள்ளத்தை ஈர்த்தது துயருற்ற ஒரு பெண்ணின் வாழ்வே. 'தில்லை கோவிந்தன்', 'கிளாரிந்தா' ஆகிய இரண்டும் பின்னாளில் தமிழில் மொழிபெயர்க்கப்பெற்றன.

'இந்து' நாளிதழில் 'குசிகர்' என்னும் பெயரால் அவர் ஆங்கிலச் சிறுகதைகள் பல எழுதினார். அவற்றைப் பின்னர்த் தாமே தமிழாக்கி, 'குசிகர் குட்டிக் கதைகள்' என 1924ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆங்கிலம் அறிந்தோர்க்கு மட்டும் சொன்ன செய்தி தம் சொந்த மக்களையும் சென்றடைதல் வேண்டும் என்பதே அவர் நோக்கமாதல் வேண்டும்.

வீட்டில் எழுந்த அச்சுக்கூடம்

ஓய்வுக்குரிய வயது வருமுன்னரே மாதவையா அரசாங்கப் பணியினின்றும் விலகினார். சென்னை மயிலாப்பூரில், இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என வழங்கும் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் வீடு கட்டினார். அதற்குப் 'பெருங்குளம் இல்லம்' என்று தாம் பிறந்த ஊரின் பெயரையே சூட்டினார். அங்கேயே ஓர் அச்சுக்கூடமும் அமைத்தார். 1924ஆம் ஆண்டில் 'பஞ்சாமிர்தம்' என்னும் மாத இதழைத் தொடங்கினார்.

அந்நாளில் ஓர் இதழை அச்சிடுவது எத்துணை உழைப்பு வேண்டும் பணி என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஈயத்தால் வார்த்த எழுத்துகள் சிறுசிறு அறைகள் கொண்ட பெட்டிகளில் நிரம்பியிருக்கும். அச்சுக்கோப்பவர் கைப்படியைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி, வரி வரியாகக் கோப்பர். கோத்த பக்கத்தின்மேல் மை தடவி, தாளை அழுத்தி ஒரு படி எடுப்பர். ஆசிரியர் அதனைப் படித்துப் பிழை திருத்துவார். திருத்தம் முடிந்த பின்னரே பக்கங்கள் பொறியில் ஏறும். அச்சான பின் எழுத்துகளை மீண்டும் பிரித்து, உரிய அறைகளில் இடுவர். அவற்றைக் கொண்டே அடுத்த பக்கம் கோக்க வேண்டும். தமிழில் உயிர்மெய் எழுத்துகள் பலவாதலின் ஆங்கிலத்தினும் இவ்வேலை கடினமானது. தாளுக்கும் கூலிக்கும் பொருள் வேண்டும். சந்தா செலுத்துவோரோ எக்காலத்தும் சிலரே.

இலண்டன் மாநகரிலே நூல் வெளியிடும் பேறு பெற்ற ஒருவர், தம் முதுமை நெருங்கும் காலத்தில், கைப்பொருளை ஏன் ஒரு தமிழ் இதழில் இட வேண்டும்? ஆங்கிலத்திற் பெயர் பெறுதல் தமக்கு நன்மை. தமிழில் எழுதுதல் நாட்டுக்கு நன்மை என்று அவர் தெளிந்திருந்தார் என்பதே இதற்கு விடையாகும். இளமையில் தம் கதை பிறர் இதழில் நின்றதைக் கண்டவர், பிற்காலத்திற் புதியன சொல்வதற்குத் தாமே ஓர் இதழைப் படைத்தார். 'பத்மாவதி சரித்திர'த்தின் மூன்றாம் பாகத்தைப் 'பஞ்சாமிர்த'த்திலே தொடர்ந்து எழுதலானார். கால் நூற்றாண்டுக்கு முன் விட்ட இடத்திலிருந்து அக்கதை மீண்டும் புறப்பட்டது.

இறுதி நாள்

சென்னைப் பல்கலைக் கழகம் 1857ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதன் பேரவையாகிய செனட்டுக்கு மாதவையா உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அக்காலத்திற் பி.ஏ. பட்டம் பெற விழையும் தமிழ் மாணவன், தமிழைக் கட்டாயமாகக் கற்க வேண்டும் என்னும் நியதி இல்லை. தாய்மொழியில் ஒரு கடிதமும் பிழையின்றி எழுதவறியாதவன் கற்றவன் எனப் பட்டம் பெற்றுவரலாம். இக்குறையை நீக்கல் வேண்டும் என்று மாதவையா விரும்பினார்.

1925ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் செனட் கூடியது. பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்குதல் வேண்டும் என அவர் எழுந்து பேசினார். தம் உரையை முடித்துக்கொண்டு இருக்கையில் அமர்ந்தார். அமர்ந்தவர் மீண்டும் எழவில்லை. அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்து மூன்று.

'பத்மாவதி சரித்திர'த்தின் மூன்றாம் பாகம் நிறைவுறாமலே நின்றது. முதலில் இடையில் நின்ற கதையை அவர் பதினொரு ஆண்டு காத்திருந்து முடித்தார். இறுதியில் இடையில் நின்ற கதையை முடிக்கக் காலம் அவருக்கு இடந்தரவில்லை.

அவர் விட்டுச்சென்ற செல்வம்

மாதவையா மறைந்து நான்காண்டுகள் கழித்து, 1929ஆம் ஆண்டில், சாரதா சட்டம் எனப்படும் குழந்தை மணத் தடைச் சட்டம் பிறந்தது. பதினான்கு அகவை நிரம்பாத பெண்ணுக்கு மணம் முடித்தல் குற்றம் என அது விதித்தது. ஒரு நாவல் சட்டம் இயற்றாது. ஆயினும் சட்டத்தை ஏற்றுக்கொள்ளும் மனத்தைப் பண்படுத்துவது நல்ல எழுத்தே. நிலத்தை உழாது விதைத்தால் விளைவு இல்லை. 'முத்துமீனாட்சி' போன்ற நூல்கள் செய்தது உழவுத் தொழிலாகும்.

அவர்தம் குடும்பத்திலும் எழுத்து தழைத்தது. மகன் மா. அனந்தநாராயணன் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்ததோடு, 1961ஆம் ஆண்டில் ஆங்கில நாவல் ஒன்றையும் வெளியிட்டார். மற்றொரு மகன் மா. கிருஷ்ணன் காட்டுயிர்களை ஆராய்ந்து எழுதி நாடெங்கும் புகழ்பெற்றார். தமிழில் அறிவியல் கட்டுரைகள் எழுதி வழிகாட்டிய பெ. நா. அப்புசுவாமியும் பெருங்குளத்து மாதவையாவின் உறவினரே.

மாணவர்களே, ஓர் எழுத்தாளரின் பெருமையை அவர் எழுதிய பக்கங்களின் எண்ணிக்கையால் அளத்தல் கூடாது. தடை வந்தபோது அவர் என் செய்தார் என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். மாதவையா தம் கதை நின்றபோது சினந்து ஒதுங்கவில்லை. புகழ் வந்தபோது தாய்மொழியை மறக்கவில்லை. தாம் நம்பியதைப் பதினொரு ஆண்டுகள் உள்ளத்தில் வைத்துக் காத்தார். நீங்களும் ஒரு நற்செயலைத் தொடங்கி, அது இடையில் நின்றுவிட நேருமாயின், அதனைத் தோல்வியென்று எண்ணி மனம் தளராதீர்கள். மீண்டும் அதனை எடுத்துச் செம்மை செய்யுங்கள். பள்ளி நூலகத்தில் 'முத்துமீனாட்சி' கிடைக்குமாயின் எடுத்துப் படியுங்கள். அது நிறைவெய்த எத்துணைக் காலம் காத்திருந்தது என்பதை நினைந்து படியுங்கள்.